டார்ச் சூடானால் வெளிச்சம் குறைவது ஏன்? அந்தப் பாகத்தை நீக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் உங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றி வருகிறதா என்று இரவில் பார்ப்பதற்காக, பெட்டியில் 2000 லுமென் (லுமென் என்பது மொத்த ஒளியின் அளவு) என்று அச்சிட்ட அலுமினிய டார்ச் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்றே ஒன்று. முழு வெளிச்சத்தில் வைத்தால் நான்கைந்து நிமிடத்தில் மங்கிவிடுகிறது. அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மறுபடியும் பளிச்சென்று எரிகிறது. மார்கழியில் இதே டார்ச் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது, சித்திரை பிறந்ததும் மோசமாகிவிட்டது என்கிறீர்கள். பழுதுபார்க்கும் கடைக்காரர், 'உள்ளே சூட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும் பாகம் ஒன்று இருக்கிறது, அதை நீக்கிவிட்டால் மங்காது' என்று சொல்லியிருக்கிறார். நீக்கலாமா என்பதே கேள்வி.

நீக்க வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அப்படியொரு ஏற்பாடு பல டார்ச்சுகளில் இருக்கிறது. ஆனால் அதை நீக்கினால் கையில் லித்தியம் செல்லோடு கொதிக்கும் ஓர் உலோகக் குழாய்தான் மிஞ்சும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். விளக்குகளைச் சோதிக்கும் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்போதும் டார்ச்சுகளைத் திறந்து பார்த்துச் சரிசெய்து கொடுக்கிறேன். எனவே உறுதியாகச் சொல்லக்கூடியது எது, உங்கள் டார்ச்சைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாதது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. சூடு ஏறினால் எல்இடி தரும் ஒளி குறையுமா என்பது ஒன்று. உங்கள் டார்ச் மங்கியதற்குக் காரணம் அதுதானா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில், ஆம், ஆனால் கொஞ்சம்தான். இரண்டாவதற்குப் பதில், பெரும்பாலும் இல்லை. வெப்பம் நேராகப் பறிக்கும் வெளிச்சம் சிறிய பங்கு. வெப்பம் ஏறிவிடக் கூடாது என்று சர்க்யூட்டே வேண்டுமென்று குறைத்துக்கொள்ளும் வெளிச்சம்தான் பெரிய பங்கு.

முதலில் எல்இடியின் சங்கதியைப் பார்ப்போம். வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உண்மையில் நீல எல்இடி. காலியம் நைட்ரைடு வகைக் குறைக்கடத்தியால் ஆன சின்னஞ்சிறு சில்லு நீல ஒளியைத் தருகிறது. அதன்மேல் படிந்திருக்கும் மஞ்சள் பாஸ்பர் பூச்சு அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சில்லுக்குள் எலெக்ட்ரானும் துளையும் (எலெக்ட்ரான் இல்லாத காலியிடம்) சேரும்போது ஒளி பிறக்கிறது. ஆனால் எல்லாச் சேர்க்கையும் ஒளியாவதில்லை. சில வெறும் வெப்பமாகவே முடிந்துபோகின்றன. சில்லு சூடாகச் சூடாக இப்படி வீணாகும் சேர்க்கைகளின் பங்கு கூடுகிறது. பாஸ்பரும் சூட்டில் திறன் இழக்கிறது. அதே மின்னோட்டத்துக்கு ஒளி குறைவதன் காரணம் இவ்வளவுதான். குளிர்ந்தால் இழந்தது திரும்பிவிடும். இது நிரந்தரச் சேதமில்லை.

எவ்வளவு குறைகிறது? வெள்ளை எல்இடிகளில் சில்லின் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏறினால் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் ஒளி போகும். பெரிய எல்இடிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் உச்சவரம்பு 150 டிகிரி. அந்த அளவுக்குப் போனால் நான்கில் ஒரு பங்கு வரை போகலாம். சிவப்பு எல்இடியின் கதை வேறு. அது அலுமினியம், இண்டியம், காலியம், பாஸ்பைடு கொண்ட வேறு பொருள். 100 டிகிரியில் ஏறக்குறைய பாதி ஒளியை இழந்துவிடும். தலையில் கட்டும் விளக்கில் சிவப்பு வெளிச்சம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். உங்களுடையது வெள்ளை என்பதால் அந்தக் கவலை இல்லை.

தயாரிப்பாளரின் தகவல் தாளைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. எல்இடிகளைத் தரம் பிரிக்கும்போது ஒரு நொடியில் சிறு துளி நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்து, சூடாவதற்குள் அளந்துவிடுகிறார்கள். எல்இடி தயாரிக்கும் க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் வகையை 25 டிகிரியில் அளந்து தரம் பிரித்தார்கள். பின்னால் வந்த எக்ஸ்பி-எல் வகையை 85 டிகிரியில். 85 டிகிரிக்கு உரிய எண்தான் டார்ச்சுக்குள் நடப்பதற்கு நெருக்கமானது. 25 டிகிரிக்கு உரிய லுமெனை அப்படியே பெட்டியில் அச்சிட்டால், அந்த வெளிச்சத்தை வாங்கியவர் ஒருபோதும் பார்க்க மாட்டார்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இழை பல்பு போட்ட பழைய டார்ச்சைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சூட்டுப் பிரச்சினையே புதிதாகத் தோன்றும். டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கும் மேல் சூடானால்தான் எரியும். பல்புக்குச் சூடுதான் உயிர். அது வீணாக்கிய ஆற்றலில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக, வெளிச்சத்தோடு சேர்ந்தே முன்பக்கம் வெளியேறிவிடும். போதாததற்கு, இரண்டு செல் டார்ச் பல்பு தின்னும் மின்சாரமே ஒன்றிரண்டு வாட்டுக்குள் அடங்கிவிடும். எல்இடியின் கற்றையில் அப்படி வெப்பம் போவதில்லை. கையை முன்னால் நீட்டிப் பார்த்தால் பெரிய சூடு தெரியாது. ஒளியாகாத ஆற்றல் முழுவதும் சில்லின் அடிப்பக்கமாகத்தான் இறங்கியாக வேண்டும். அங்கே இருப்பது உங்கள் டார்ச்சின் உடல்.

இனிக் கணக்கு. 2000 லுமென் உண்மையிலேயே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு ஒளிக்கு எல்இடி ஏறக்குறைய 20 வாட் எடுக்கும். அதில் ஆறேழு வாட் ஒளியாகப் போகிறது. மீதி 13 வாட் வெப்பம். அந்த அளவு மின்னோட்டம் இழுக்கும்போது செல்லும் சர்க்யூட்டும் தாமே ஒன்றிரண்டு வாட் சூடேறும். ஆக 15 வாட் வெப்பம். 100 கிராம் அலுமினியமும் 45 கிராம் செல்லும் சேர்ந்த டார்ச் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 135 ஜூல் தேவை. 15 வாட் என்றால் நொடிக்கு 15 ஜூல். நிமிடத்துக்கு ஆறேழு டிகிரி ஏறும். 32 டிகிரி இரவில் தொடங்கினால் உடல் 55 டிகிரியைத் தொட மூன்றரை நிமிடம். காற்றில் கொஞ்சம் வெப்பம் போய்விடுவதால் உண்மையில் இன்னும் சிறிது கூடும். நீங்கள் சொன்ன நான்கைந்து நிமிடம் இதுதான். 55 டிகிரி உலோகத்தை யாராலும் வெகுநேரம் பிடித்திருக்க முடியாது. பல டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான்.

தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது வேறு, அடிக்குழாய் எவ்வளவு வெளியேற்றும் என்பது வேறு. முதல் சில நிமிடம் டார்ச்சின் உலோக எடை வெப்பத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அதுவரை முழு வெளிச்சம். தொட்டி நிரம்பியபின் வெளியேறும் அளவுதான் கணக்கு. 25 மில்லிமீட்டர் விட்டமும் 130 மில்லிமீட்டர் நீளமும் உள்ள டார்ச்சின் வெளிப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர்தான். அசையாத காற்றில், உடல் 55 டிகிரி, சுற்றுப்புறம் 32 டிகிரி என்றால் அந்தப் பரப்பிலிருந்து வெளியேறும் வெப்பம் மூன்று வாட்டுக்குள். மூன்று வாட் வெப்பத்துக்கு உரிய ஒளி 500 அல்லது 600 லுமென். இந்த அளவு டார்ச் மணிக்கணக்கில் தரக்கூடியது இவ்வளவுதான். 2000 என்பது சில நிமிடங்களுக்கு மட்டும் கிடைக்கும் எண்.

இதையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் என் பதில் தெளிவாகும். உடல் 55 டிகிரியில் இருக்கும்போது உள்ளே சில்லு 90 அல்லது 100 டிகிரியில் இருக்கும். அதனால் நேராகப் போவது ஏறக்குறைய 15 சதவீதம். 2000 லுமென் 1700 ஆகும். படிப்படியாக நடக்கும் இந்தக் குறைவைக் கண் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. 1700இலிருந்து 600க்கு இறங்குவதைத்தான் நீங்கள் 'மங்கிவிட்டது' என்கிறீர்கள். அந்த 1100 லுமெனைச் சூடு தின்னவில்லை. சர்க்யூட் மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டது.

மார்கழி, சித்திரை வேறுபாடும் இதே கணக்கில் அடங்கும். 20 டிகிரி இரவில் 55ஐத் தொட 35 டிகிரி ஏற வேண்டும். 32 டிகிரி இரவில் 23 டிகிரி போதும். முழு வெளிச்சம் நிற்கும் நேரம் ஒன்றரை மடங்காகிறது. மங்கியபின் நிற்கும் வெளிச்சமும் குளிரில் கூடுதல், ஏனென்றால் வெளியேறும் வெப்பம் கூடுதல். கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தால் இன்னும் நல்லது. இரத்த ஓட்டம் கை வழியாக வெப்பத்தை வாங்கிச் செல்கிறது, நடையில் காற்றும் படுகிறது. மேசைமேல் நிற்கவைத்த டார்ச் கையில் இருப்பதைவிடச் சீக்கிரம் மங்குவது இதனால்தான்.

இப்போது கடைக்காரர் சொன்ன யோசனையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் 15 வாட் வெப்பம் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். 3000 மில்லிஆம்பியர் மணி செல் 20 வாட்டில் அரை மணி நேரம் ஓடும். அது தீருமுன்னரே உடல் 100 டிகிரியைத் தாண்ட வாய்ப்பிருக்கிறது. லித்தியம் செல்களுக்கு, அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது இருக்கலாம் என்று வழக்கமாகக் குறிக்கும் உச்சவெப்பம் 60 டிகிரி. அதற்குமேல் போனால் முதலில் ஆயுள் குறையும். மேலும் போனால் வாயு வெளியேறித் தீப்பிடிக்கக்கூடும். டார்ச்சோ இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு இறுக்கி மூடிய குழாய். கையில் பிடித்திருந்தால் சுடுகிறதே என்று அணைத்துவிடுவீர்கள். பைக்குள் பட்டன் அழுந்தி எரிந்தாலோ, திண்ணையில் எரியவிட்டு மறந்தாலோ அணைக்க ஆள் இருக்காது. அந்தப் பாகம் காவலாக இருப்பது அந்த நேரத்துக்காகத்தான். பன்றியை விரட்டப் போன இடத்தில் தீக்காயத்தோடு திரும்பும்படி ஆகிவிடக் கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் எந்த டார்ச்சுக்கும் பொருந்தும் இயற்பியல். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் கையில் இருப்பது எப்படிக் குறைக்கிறது என்பதைத் திறக்காமல் சொல்ல முடியாது. மூன்று வழிகள் உண்டு. சிலவற்றில் தெர்மிஸ்டரோ (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சிறு பாகம்), கட்டுப்படுத்தும் சிப்புக்குள்ளேயே உள்ள வெப்ப உணரியோ சூட்டை அளந்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். சிலவற்றில் உணரியே கிடையாது. மூன்று நிமிடம் ஆனதும் குறை என்று கடிகாரக் கணக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். பனிமலையிலும் அதே நேரத்தில்தான் குறையும். மூன்றாவது, செல் சோர்ந்துபோவது. அதிக மின்னோட்டத்தில் செல்லின் மின்னழுத்தம் சரிந்து, எல்இடிக்குத் தேவையான அளவுக்குக் கீழே வந்துவிட்டால், மின்னழுத்தத்தை ஏற்றித் தராத எளிய சர்க்யூட்டில் வெளிச்சமும் கூடவே சரியும்.

அணைத்துப் போட்டால் மீண்டும் பளிச்சிடுகிறது என்பதை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தீர்மானிக்க முடியாது. பலர் இங்கேதான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். கடிகாரம் வைத்தது உடனே பளிச்சிடும், ஏனென்றால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. உணரி வைத்தது சற்று ஆறியபின் பளிச்சிடும். சோர்ந்த செல்லும் ஓய்வு கொடுத்தால் கொஞ்ச நேரத்துக்கு மீளும். மூன்றும் மேலோட்டமாக ஒன்றுபோலவே தெரியும்.

பிரித்தறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரவில் கதவைச் சாத்திவிட்டு, முழுதும் சார்ஜ் ஆன டார்ச்சை மேசைமேல் வால் பக்கம் கீழே இருக்கும்படி நிற்கவைத்து, கற்றை உட்கூரையில் விழட்டும். பக்கத்தில் செல்போனைத் திரை மேலே பார்க்க வையுங்கள். பெரும்பாலான போன்களில் முன்பக்கக் கேமராவுக்கு அருகே ஒளி உணரி இருக்கிறது. அது காட்டும் லக்ஸ் அளவை (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) படிக்க இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. அந்த எண் சரியான எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தொடக்கத்தைவிட எத்தனை மடங்கு குறைந்தது என்பதே நமக்கு வேண்டும். அதனால் டார்ச்சையும் போனையும் நடுவில் அசைக்காதீர்கள், நீங்களும் ஒரே இடத்தில் இருங்கள்; உங்கள் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியே எண்ணை மாற்றிவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். ஆனால் டார்ச்சைத் தொட முடியாத அளவுக்குச் சூடாகியும் வெளிச்சம் இறங்கவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த டார்ச்சில் காவலே இல்லை என்று பொருள்.

பிறகு டார்ச்சை முழுதாக ஆறவிட்டு, மறுபடி முழுதும் சார்ஜ் செய்து, மேசை மின்விசிறி நேராகப் படும்படி வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். விசிறிக் காற்றில் முழு வெளிச்சம் நிற்கும் நேரம் நன்றாகக் கூடினால் உணரி வேலை செய்கிறது. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வினாடியில் படாரென்று இறங்கினால் அது கடிகாரம். படியாக இறங்காமல் தொடக்கத்திலிருந்தே வழுக்கிக்கொண்டு சரிந்து, பாதி சார்ஜில் இன்னும் வேகமாகச் சரிந்தால் செல்தான் காரணம். மார்கழியில் கூடுதல் நேரம் நின்றது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உணரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் செல் ஒரு வருடத்தில் பழசாகி, அதுவும் சேர்ந்திருக்கலாம். நினைவை நம்புவதைவிட எண்களை நம்புவது மேல்.

மங்குவதெல்லாம் நல்லதுக்கே என்றும் சொல்லிவிட மாட்டேன். மட்டமாகச் செய்த டார்ச்சில் சூடு உடலுக்கு வந்தே சேராது. அப்படிப்பட்ட ஒன்றைத் திறந்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். முன்வளையத்தைத் திருகிக் கழற்றி, கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் எடுத்துவிட்டால், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டத் தகடு தெரியும். அதன் நடுவில் மஞ்சள் சதுரம், அதுதான் எல்இடி. சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகள் தகட்டின் ஓரத் துளைகள் வழியே கீழே போகும். மஞ்சள் பகுதியைத் தொடாமல் தகட்டின் விளிம்பைப் பல்குச்சியால் அழுத்திப் பாருங்கள். மோசமான டார்ச்சில் தகடு ஆடும். கம்பியோடு தூக்கிப் பார்த்தால், கீழே நல்ல கனமான உலோகத் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். தகடு உட்கார்ந்திருப்பது இரண்டு மில்லிமீட்டர் அகல விளிம்பில் மட்டும். வெப்பம் கடத்துவதற்காகத் தடவும் ஹீட்சிங்க் பேஸ்ட் என்று ஒரு பொட்டு வெள்ளை, அதுவும் எதையும் தொடாமல் நடுவில் காய்ந்து கிடக்கும். எல்இடிக்கு நேர் கீழே இருப்பது காற்று.

வெப்பம் கடத்தும் திறனை மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தனை வாட் என்ற அலகில் சொல்வார்கள். செம்புக்கு ஏறக்குறைய 400. டார்ச்சுக்குப் பயன்படும் அலுமினியக் கலவைக்கு 170 அளவில். துருப்பிடிக்காத எஃகுக்கு 15. பிளாஸ்டிக்குக்கு 0.2. காற்றுக்கு 0.026. எல்இடிக்கும் உடலுக்கும் நடுவே காற்று நின்றால் உடல் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. உடல் கைக்குக் குளுகுளுவென்று இருக்கும், சில்லு உள்ளே 150 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். உணரி சர்க்யூட் பலகையில் இருந்தால் அதற்கும் இது தெரியாது. ஆகவே முழு வெளிச்சத்தில் ஓரிரு நிமிடம் எரிந்தும் தலைப்பகுதி சூடேறவில்லை, ஆனால் வெளிச்சம் வேகமாக மங்குகிறது, ஒளி நீலம் பாய்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். கைக்குச் சூடு தெரிவது நல்ல அடையாளம். வெப்பம் வர வேண்டிய வழியில் வருகிறது என்று அர்த்தம். இப்படி வெந்த எல்இடியில் மஞ்சள் பூச்சின்மேல் பழுப்புத் தழும்பு விழும். அந்த இழப்பு ஆறினாலும் திரும்பாது.

கடைக்காரரிடம் ஏதாவது செய்யச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் செய்யச் சொல்லுங்கள். தகட்டின் அடியைத் துடைத்து, மெல்லிய பூச்சாக ஹீட்சிங்க் பேஸ்ட் தடவி, தகடு அழுந்தி உட்காரும்படி பூட்டட்டும். அதிகம் அப்பினால் அதிகப் பலன் என்று நினைத்துவிட வேண்டாம். பேஸ்ட் உலோகத்தைவிட மிக மோசமான கடத்தி. கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அடியில் பள்ளமாக இருந்தால் அளவுக்கு வெட்டிய செம்பு வட்டு ஒன்றை வைத்து நிரப்பலாம். எல்இடித் தகட்டையே செம்பு அடித்தளம் உள்ளதாக மாற்றினால் இன்னும் நல்லது. இதனால் ஒளி இருமடங்காகாது. எல்இடியின் ஆயுள் நிச்சயம் கூடும். உடல் முன்பைவிடச் சீக்கிரம் சூடேறும். அதுகண்டு பயப்பட வேண்டாம்.

டார்ச்சின் நிறம் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. கறுப்பு டார்ச் வெப்பத்தை நன்றாக வெளியேற்றும் என்பது பாதி உண்மை. அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம் எந்த நிறமாக இருந்தாலும் அகச்சிவப்பை நன்றாகவே வீசும். பளபளவென்று மெருகேற்றிய வெற்று உலோகம்தான் வீசாது. கறுப்பா பச்சையா என்பது உங்கள் விருப்பம்.

நான்கு வோல்ட் ஈய அமில பேட்டரியும் பிளாஸ்டிக் உடலும் கொண்ட, நேராகச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்யும் டார்ச் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் எல்இடிக்குப் போகும் மின்சாரமே குறைவு. மங்கினால் பேட்டரிதான் காரணமாக இருக்கும். வெயிலில் சூடேறும் இடத்தில் அந்த பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதுதான் அதில் வெப்பத்தின் பங்கு.

பெட்டியில் போட்டிருக்கும் 2000 என்ற எண்ணை நம்பலாமா என்பது தனிக் கேள்வி. டார்ச்சுகளை அளப்பதற்கு ஆன்சி எஃப்எல் 1 என்ற அமெரிக்கத் தரநிலை இருக்கிறது. அதன்படி அளந்திருந்தால், டார்ச்சைப் போட்டு அரை நிமிடத்துக்கும் இரண்டு நிமிடத்துக்கும் இடையில் எடுத்த அளவுதான் லுமென். எரியும் நேரம் என்பது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை உள்ள நேரம். ஆக, 2000 லுமென், மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால், மூன்று மணி நேரமும் 2000 வரும் என்று பொருளில்லை. மூன்று நிமிடம் 2000 வந்து, மீதி நேரம் 500 வந்தாலும் அது தரநிலைக்கு உட்பட்டதே. அந்தத் தரநிலையின் பெயரே பெட்டியில் இல்லையென்றால் எண்ணுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஒற்றை 18650 செல் போட்ட டார்ச்சில் பத்தாயிரம் லுமென், ஐம்பதாயிரம் லுமென் என்றெல்லாம் அச்சிடுவது அப்பட்டமான பொய். அந்த ஒளிக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தச் செல்லால் தரவே முடியாது. உங்கள் டார்ச்சின் 2000 நடக்கக்கூடிய எண். நான்கைந்து நிமிடத்தில் சூடேறி மங்குகிறது என்பதே அது உண்மைக்கு அருகில் இருக்கலாம் என்பதற்கு ஓர் அடையாளம்.

உங்கள் தேவைக்கு வருகிறேன். பன்றியைப் பார்க்க வேண்டியது தோட்டத்தின் கடைசி வரப்பில். அதற்கு வேண்டியது லுமென் அல்ல, கேண்டெலா. லுமென் என்பது மொத்த ஒளி. கேண்டெலா என்பது ஒரு திசையில் அது எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது. தரநிலைப்படி கற்றை எட்டும் தூரம், மீட்டரில், கேண்டெலாவின் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கு. 2000 லுமெனைப் பரவலாக அடிக்கும் டார்ச்சில் 10,000 கேண்டெலா இருந்தால் 200 மீட்டர். 600 லுமென்தான் என்றாலும், ஆழமான ரிஃப்ளெக்டரில் குவித்து 40,000 கேண்டெலா வந்தால் 400 மீட்டர். தரநிலை சொல்லும் தூரத்தின் முடிவில் கிடைப்பது முழுநிலவு அளவு வெளிச்சம்தான். அசைவது பன்றியா புதரா என்று தெரிய அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். 600 லுமென் டார்ச் சூட்டினால் மங்காது என்பது நாம் போட்ட கணக்கிலேயே இருக்கிறது. சித்திரையிலும் ஒரே சீராக எரியும். அடுத்தமுறை வாங்கும்போது எட்டும் தூரத்தையும் கேண்டெலாவையும் பாருங்கள். தலை அகலமான, உடல் கனமான டார்ச்சைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது இருப்பதையே நன்றாகப் பயன்படுத்தலாம். நடுத்தர வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு நடங்கள். சத்தம் கேட்ட திசையில் மட்டும் அரை நிமிடம் முழு வெளிச்சம் அடியுங்கள். முதலிலிருந்தே முழு வெளிச்சத்தில் எரித்தால், தேவையான நேரத்தில் தொட்டி நிரம்பியிருக்கும். மங்கினாலும் பதற வேண்டாம். ஒளி 2000இலிருந்து 600க்கு இறங்கும்போது எட்டும் தூரம் 30 சதவீதமாகிவிடுவதில்லை, வர்க்கமூலக் கணக்கில் 55 சதவீதம் மிஞ்சும். கண்ணும் இருட்டுக்குப் பழகினால் அதில் வேலை ஓடும்.

சூடாக இருக்கும் டார்ச்சைத் தண்ணீரில் முக்கி ஆற்றாதீர்கள். உள்ளே விரிந்த காற்று சட்டென்று சுருங்கும்போது ரப்பர் வளையத்தின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். ஈரத்துணியைச் சுற்றினால் போதும். பம்புசெட் அறையின் தகரக் கூரைக்குக் கீழே பகலில் விட்டுவைக்காதீர்கள். சூட்டோடு சூடாகச் சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும்போது இருக்கலாம் என்று வழக்கமாகக் குறிக்கும் வரம்பு 45 டிகிரி, மின்சாரம் எடுக்கும் வரம்பைவிடக் குறைவு. கோடையில் வீட்டிற்குள் குளிர்ந்த தரையில் வைத்துச் சார்ஜ் செய்வதே நல்லது.

விசிறி இல்லாமலும் விசிறியோடும் எடுத்த இரண்டு வரிசை எண்களையும், முதல் சோதனை முடிவில் தலைப்பகுதி கைக்கு எப்படி இருந்தது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். உணரியா, கடிகாரமா, செல்லா என்பதை அப்போது பார்த்துச் சொல்கிறேன். செல்தான் காரணம் என்றால், மாற்றுச் செல் வாங்கும்போது அது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்று அதன் தகவல் தாளில் பாருங்கள். உங்கள் டார்ச்சுக்கு முழு வெளிச்சத்தில் ஐந்தாறு ஆம்பியர் வேண்டும்.